தண்ணி எப்படி இருக்கு?

சென்னை கொளத்தூரில் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் வண்டி நிறுத்த இடம் தேடுவது வீண் வேலை. தெருவின் இரு புறமும் மீன் கடைகள். கவிச்சி வாடை கிடையாது. இங்கே விற்பது குழம்புக்கான மீன் இல்லை. வாசல்களில் கம்பி கட்டி, காற்றடைத்த பாலிதீன் கவர்களைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கவருக்குக் கவர் கப்பி, மோலி, தங்கமீன், நியான் டெட்ரா. வெயில் ஏற ஏறத் தெரு முழுக்க நிறங்கள் துடிக்கின்றன. குழந்தைகள் ஒவ்வொரு கவரையும் விரலால் தட்டிக்கொண்டே போகிறார்கள். "தட்டாத பாப்பா" என்று கடைக்குக் கடை ஒரு குரல் எழுகிறது. அதில் கோபம் இல்லை. காலையிலிருந்து சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குரல்.

என்னை அழைத்து வந்த நண்பர் "அஞ்சே நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பின்தெருவில் பைட்டர் மீன் பார்க்கப் போயிருந்தார். மீன் பித்துப் பிடித்தவர்களின் ஐந்து நிமிடத்துக்கும் கடிகாரத்துக்கும் சம்பந்தமில்லை. தெருக்கோடியில் ஒற்றை ஷட்டர் கடை ஒன்றில், ஃபில்டர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கிடைத்தது. வாங்க வந்தவன் இல்லை என்று முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்ட கடைக்காரர், அதன்பிறகு நான் இருப்பதையே மறந்துவிட்டார். வேடிக்கை பார்ப்பவனுக்கு வேறென்ன வேண்டும்?

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். முழங்கைக்கு மேல் மடித்துவிட்ட சட்டை, மடிப்பு வரை நனைந்திருந்தது. நாள் முழுக்க நீரில் கிடக்கும் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. யார் உள்ளே வந்தாலும், எதைக் கேட்டாலும், அவர் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே கேள்வி: "தண்ணி எப்படி இருக்கு?" மீன் எப்படி இருக்கிறது என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்க்கவில்லை.

ஓர் இளம் தம்பதி வந்தார்கள். கணவன் செல்போனை நீட்டினான். படத்தில் இரண்டடித் தொட்டி. உள்ளே வெள்ளையாகக் கலங்கிய நீர். நீருக்குள் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ மங்கலாக.

"எப்ப வெச்சீங்க?"

"புதன்கிழமை டேங்க் வாங்கினோம்ணா. அன்னிக்கே பத்து மீனும் வாங்கிட்டோம். நாலு செத்துப்போச்சு. முழுத் தண்ணியையும் மாத்திட்டோம். மறுபடியும் இப்படியே வருது."

"ஃபில்டர்?"

"அதையும் குழாயில நல்லா தேச்சுக் கழுவிட்டோம்ணா," என்றாள் மனைவி, இதற்காவது ஒரு பாராட்டு கிடைக்கும் என்ற நினைப்பில். கடைக்காரர் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார்.

"அந்த நீல மருந்து குடுங்கண்ணா. அத ஊத்தச் சொன்னாங்க."

"மருந்து மீனுக்கு. உங்க மீனுக்கு ஒரு நோயும் இல்ல. தண்ணிதான் இன்னும் பழகல."

அதற்கு மேல் அவர் விளக்கவில்லை. விளக்கியிருந்தால் அந்தப் பெண்ணின் முகம் இன்னும் வாடியிருக்கும். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை ஓயாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. தின்னாமல் விட்ட தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. ஆற்றில் அது அடித்துக்கொண்டு போய்விடும்; கண்ணாடிப் பெட்டியில் போக இடமில்லை. அந்த அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்ற ஒரு நுண்ணுயிர்க் கூட்டம் வேண்டும். நைட்ரைட்டும் விஷம்தான், அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும். நைட்ரேட் அவ்வளவு பொல்லாதது இல்லை. இந்தக் கூட்டங்கள் தாமாகவே வந்து, ஸ்பான்ஜிலும் மணலிலும் ஒட்டி, குடும்பம் பெருக்கி நிலைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். வெள்ளைக் கலங்கல் இவற்றின் வேலை இல்லை. மிஞ்சிய தீனியைத் தின்று திடீரென்று பெருகும் வேறு பாக்டீரியாக்களின் வேலை அது. தொடாமல் விட்டால் சில நாளில் தாமே அடங்கும். தொட்டுவிட்டார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின், அப்போதுதான் குடியேறத் தொடங்கியவற்றைக் கொன்றது. கேட்டு வந்த நீல மருந்தான மெத்திலீன் புளூ, மிச்சம் மீதி இருந்தால் அதையும் ஒழித்திருக்கும். நான்கு நாளும் அக்கறையாக உழைத்து, நான்கு நாளும் முதல் நாளிலேயே நின்றிருக்கிறார்கள்.

இதில் நம் ஊர் நீருக்கென்று ஒரு வில்லங்கம் உண்டு. அம்மோனியா நீரில் இரண்டு உருவத்தில் இருக்கும்; அதில் ஒன்றுதான் மீனைக் கொல்வது. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 உள்ள நீரில் அந்தக் கொல்லும் உருவம் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. பி.எச். 8 ஆனால் சுமார் 5 பங்கு. 9 ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வெப்பம் கூடினாலும் அந்தப் பங்கு கூடும். சென்னையின் ஆழ்துளைக் கிணறுகளில் காரம் ஏறிய, அதாவது பி.எச். கூடிய, நீர் சாதாரணம். மே மாதத்து வெப்பத்தைச் சொல்லவே வேண்டாம். குளிர் ஊர்க்காரர் எழுதிய புத்தகத்தில் "சற்று அம்மோனியா இருந்தால் பரவாயில்லை" என்று படித்துவிட்டு இங்கே மீன் வளர்ப்பது ஆபத்து.

அறிவியலாளர்களே இந்த நுண்ணுயிர்களிடம் நெடுநாள் ஏமாந்திருக்கிறார்கள். நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் என்றுதான் பாடப்புத்தகங்கள் சொல்லிவந்தன. மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா என்று 1990களின் இறுதியில்தான் தெரிந்தது. 2015இல் இன்னொரு அதிசயம்: நைட்ரோஸ்பைராவில் சில வகைகள், இரண்டு கூட்டத்தின் வேலையையும் தனியாகவே முடித்துவிடுகின்றன. அந்த ஆண்டு கண்டறியப்பட்டவற்றுள் சில, நெதர்லாந்தில் கெண்டை வளர்த்த தொட்டியோடு இணைந்த ஃபில்டரில் ஒட்டிக்கொண்டிருந்தவை. நூறு ஆண்டுகளுக்கு மேல் நுண்ணோக்கியோடு தேடியவர்களுக்குத் தட்டுப்படாத ஒன்று, மீன் அழுக்கில் நிம்மதியாக இருந்திருக்கிறது.

கடைக்காரர் பின்பக்கத் தொட்டி ஒன்றில் கையை விட்டு ஒரு ஸ்பான்ஜை உருவினார். பழுப்பேறி, வழவழத்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தது. அதே தொட்டி நீரோடு ஒரு கவரில் போட்டு ரப்பர் பேண்டு முறுக்கிக் கட்டினார்.

"இத உங்க ஃபில்டர்கிட்ட வெச்சுடுங்க. கழுவிடாதீங்கம்மா. தயிருக்கு உறை மோர் பக்கத்து வீட்ல வாங்குவீங்கல்ல, அந்த மாதிரிதான் இதுவும்."

அவள் அதை இரண்டு விரல்களால் வாங்கினாள். "எவ்ளோண்ணா?"

"அழுக்குக்கு யாராவது காசு வாங்குவாங்களா?"

பிறகு சட்டம் சட்டமாகச் சொன்னார். தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒரு சிட்டிகை. தினமும் கால் பாகம் தண்ணீர் மாற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரை வாய் அகன்ற பக்கெட்டில் முதல் நாளே பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். அவசரமென்றால் ஆன்டி குளோரின் சில சொட்டு. ஒரு மாதத்துக்குப் புது மீன் கிடையாது. கணவன் தலையாட்டிக்கொண்டே சுவரோரத் தொட்டியில் சுற்றும் பேரட் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எத்தனை நாள் தாங்குவான் என்று கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்து ஒரு பெரியவர். வெளுத்த அரைக்கைச் சட்டை, பையில் பேனா. பேனாவுக்குப் பக்கத்தில் அதே நீளத்தில், நீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர். மஞ்சப்பையிலிருந்து ஹார்லிக்ஸ் பாட்டிலை எடுத்துக் கல்லாமேல் வைத்து மூடியைத் திறந்தார். மீட்டரை முக்கி, எண் நிலைக்கும்வரை காத்திருந்து, கடைக்காரர் பக்கம் திருப்பினார். 1180.

"போன மாசம் தொள்ளாயிரம்தான் இருந்தது. எங்கேர்ந்து ஏறுதுன்னே தெரியலை."

"தண்ணி மாத்துறீங்களா சார்?"

"குறையறப்ப எல்லாம் ஊத்தி நிரப்பிடறேனே. வாரம் ஒரு பக்கெட்."

"போர் தண்ணியா?"

"போர்தான்."

கடைக்காரர் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். நீர் பளிங்காகத்தான் இருந்தது. ஆவியாகப் போகும் நீர் வெறும் நீர். உப்பு எதையும் கூட்டிக்கொண்டு போவதில்லை. மேலே ஊற்றும் ஒவ்வொரு பக்கெட்டும் தன் உப்பைக் கொண்டுவந்து பழைய உப்போடு சேர்த்துவிட்டு, தான் மட்டும் ஆவியாகிவிடுகிறது. நிரப்புவது வேறு, மாற்றுவது வேறு. தெளிந்த நீரைப் பார்த்துத் திருப்திப்படுகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். கலங்கல் கண்ணுக்குத் தெரியும். உப்பும் நைட்ரேட்டும் தெரியாது.

"கீழேர்ந்து ஹோஸ் போட்டு வாரம் நாலுல ஒரு பங்கு எடுத்துடுங்க சார். மணலோட அழுக்கையும் உறிஞ்சிரும். ஊத்தறப்ப பாதி போர், பாதி ஆர்.ஓ. ஒரேடியா மாத்திராதீங்க, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். வெறும் ஆர்.ஓ. ஊத்திராதீங்க, அதுல ஒண்ணுமே கிடையாது."

பெரியவர் பேனாவை எடுத்து, பழைய கரண்ட் பில்லின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் இன்னொரு புகார். அவருடைய வாலிஸ்நேரியா இலைகளில் வெள்ளையாக ஏதோ படிகிறதாம். சுரண்டினால் சொரசொரவென்று வருகிறதாம்.

"அது சுண்ணாம்பு சார். செடி நல்லா இருக்குன்னு அர்த்தம்."

பெரும்பாலான நீர்ச்செடிகளுக்கு நீரில் கரைந்திருக்கும் கரியமில வாயுதான் சாப்பாடு. காரம் ஏறிய கடின நீரில் அது மிகக் குறைவு. ஆகவே நாசூக்கான செடிகள் இங்கே வாடுகின்றன. வாலிஸ்நேரியாவும் நம் குளத்து வேலம்பாசியும் கெட்டிக்காரச் செடிகள். கடின நீரில் ஏராளமாக இருக்கும் பைகார்பனேட்டை உடைத்தே தமக்கு வேண்டிய கார்பனை எடுத்துக்கொள்ளும். அப்படி எடுக்கும்போது மிஞ்சும் கால்சியம் கார்பனேட்தான் இலைமேல் படிவது. போர் தண்ணீரைத் திட்டித் தீர்க்கும் சென்னைக்காரர் ஒருவர், கடைக்குக் கடை அலைந்து சிவப்பு இலைச் செடி தேடி அதை வாரக்கணக்கில் சாகக் கொடுப்பதைவிட இந்த இரண்டையும் நட்டுவிட்டு மோலியோ கப்பியோ விட்டால் போதும் என்பது என் கட்சி. மோலிக்கும் கடின நீர்தான் பிடிக்கும். நீருக்கு ஏற்ற உயிரைத் தேர்ந்தால் பாதி மருந்து மிச்சம்.

கடையின் பின்மூலையில், டியூப்லைட்டுக்குக் கீழே, நீல நிற டப் ஒன்றின் முன்னால் ஓர் அம்மா மணை போட்டு உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள், கடைக்காரர் உட்பட, எல்லோருக்கும் அவர் அக்கா. காலையில் வந்த செடிக்கட்டுகளைப் பிரிப்பது அவர் வேலை. ஒவ்வொரு கட்டையும் சுற்றியிருக்கும் ஈயப் பட்டையைக் கழற்றுவார். நசுங்கி அழுகிய அடித்தண்டை நகத்தால் கிள்ளி எறிவார். சின்னச் சின்ன வலைத்தொட்டிகளில் வந்த செடிகளின் வேரிலிருந்து பஞ்சை இழை இழையாகப் பிரிப்பார். பிறகு தண்ணீரில் ஓர் அலசல், வெளிச்சத்தில் ஒரு பார்வை. பார்வையில் தேறாதது காலடியில் உள்ள கூடைக்குப் போய்விடும். பேச்சு கொடுத்தால் பேசுவார், கை நிற்காது.

ஒரு பெண் பாதி அழுகிய அமேசான் ஸ்வார்டு செடியோடு வந்தாள். "போன வாரம்தான் வாங்கிட்டுப் போனேன்க்கா. எல்லா இலையும் கூழாயிடுச்சு. நாளுக்கு ஒரு தடவ எடுத்து வேரப் பாக்கறேன், நல்லாதான் இருக்கு."

"அப்புறம் எதுக்கு எடுத்துப் பாக்கற?"

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அக்கா செடியை வாங்கி நடுக்குருத்தை விரித்துக் காட்டினார். உள்ளே, பழைய இலைகளைவிட மெல்லியதாக, ஒளி ஊடுருவும் பச்சையில் ஒரு புது இலை.

நர்சரியில் இந்தச் செடிகளைப் பெரும்பாலும் நீருக்குள் வளர்ப்பதில்லை. வேர் ஈரத்தில், இலை காற்றில். சீக்கிரம் வளரும், பாசி பிடிக்காது. காற்றில் முளைத்த இலை காற்றுக்கென்றே செய்யப்பட்டது. மேல் தோலில் மெழுகுப் பூச்சு, காற்று வாங்கும் துளைகள். அதை நீருக்குள் மூழ்கடித்தால் அந்த இலைக்கு வேலையில்லை. செடி அதைக் கைவிட்டுவிட்டு நீருக்கு ஏற்ற இலையைப் புதிதாகச் செய்துகொள்கிறது. வாங்கியவர் கண்ணுக்கு அது சாவு. கிரிப்டோகொரைன் என்றால் இன்னும் மோசம். இந்தக் கடையில் அதிகம் விலைபோகும் கிரிப்டோகொரைன் வெண்டி, இலங்கையின் ஓடைக்கரைகளைச் சொந்த ஊராகக் கொண்டது. இடம் மாற்றினாலே, நீரோ வெளிச்சமோ மாறினாலே, ஒரே வாரத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு வெறும் வேராக நிற்கும். வேரைத் தொடாமல் விட்டால் ஒரு மாதத்தில் திரும்பி வரும். தொடாமல் விடுகிறவர்கள் குறைவு. அதனால்தான் அதன் விற்பனை அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

அனுபியாஸ் வாங்கியவருக்கு அக்கா சொன்னது இன்னும் சுருக்கம்: "கிழங்க மண்ணுல புதைக்காத. நூல் போட்டுக் கல்லுல கட்டு." மஞ்சள் இலையோடு வந்த கல்லூரிப் பையனுக்கு: "பழசு மஞ்சளாச்சா, புதுசு வெளுத்துச்சா, அத மொதல்ல சொல்லு." இந்தக் கேள்விக்குள் ஒரு தாவரவியல் பாடமே இருக்கிறது. நைட்ரஜனும் பொட்டாசியமும் செடிக்குள் இடம் பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் கிழட்டு இலையிலிருந்து பிடுங்கிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். ஆகவே அவை குறைந்தால் பழைய இலை மஞ்சளாகும். பொட்டாசியம் போதாவிட்டால் அதில் ஊசித் துளைகளும் விழும். இரும்பு அப்படி நகராது. அது குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்க, குருத்து வெளுக்கும். இந்தக் காரணமெல்லாம் அக்காவுக்குத் தெரியுமா என்று நான் கேட்கவில்லை. இரண்டு இலையையும் பார்த்துவிட்டு எந்தப் பாட்டிலை எடுப்பது என்று தெரிகிறதே, அது போதாதா.

டப்பின் ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக் கிழங்குகள் கிடந்தன. அப்போனோஜெடான் கிரிஸ்பஸ். ஏரிகளில் பசியோடிருந்த ஜனங்கள் தோண்டித் தின்ற கொட்டிக்கிழங்கின் ஒன்றுவிட்ட தங்கை. மூதுரையில் ஔவையார், குளம் வற்றினாலும் பறவைகளைப்போல் பறந்துவிடாமல் கூடவே கிடக்கும் உறவுக்கு உவமையாக ஆம்பல், நெய்தலோடு சேர்த்துச் சொன்ன அதே கொட்டி வம்சம். இங்கே ஜிப் கவரில், ஸ்டிக்கர் ஒட்டி விற்பனைக்கு.

பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி அக்காவிடம் போய் நத்தை கேட்டான். காசு வேண்டாம் என்று சொல்லி, கூடையிலிருந்த கழிவு இலைகளில் ஒட்டியிருந்த நான்கைந்தை வழித்துக் கொடுத்தார். அதே நேரம் கல்லாவில் ஒருவர் நத்தையைக் கொல்ல மருந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைக்காரர், "செப்பு மருந்து ஊத்தினா நத்தை சாகும், எறாலும் சேர்ந்து சாகும். தீனியக் குறைங்க சார், நத்தை தானா குறையும்" என்றார். கேட்டவருக்கு அது ருசிக்கவில்லை.

இந்தப் பையனின் பக்கம் சரித்திரம் இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் 1849இல் 12 காலன் கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் மணல், சேறு, இரண்டு தங்கமீன், கொஞ்சம் வாலிஸ்நேரியா போட்டு வைத்தார். மீன் விடும் மூச்சில் செடி வாழும், செடி விடும் மூச்சில் மீன் வாழும் என்பது கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் உதிர்ந்த இலைகள் அழுகி நீர் கெடத் தொடங்கியது. நத்தைகளை விட்டார். அழுகலை அவை தின்று தீர்த்தன, நீர் தெளிந்தது, நத்தை முட்டை மீனுக்குத் தீனியாயிற்று. அடுத்த ஆண்டு வேதியியல் சங்கத்தில் இதைக் கட்டுரையாகவே படித்தார். உலகெங்கும் வீட்டுக்குள் மீன் தொட்டி வைக்கும் மோகத்துக்கு வழி திறந்த சோதனைகளில் ஒன்று அது. பம்பு இல்லை, மின்சாரம் இல்லை, மருந்து இல்லை, நத்தை இருந்தது.

பன்னிரண்டு மணிவாக்கில் பைக்கில் வந்த இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் கடைக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அவன் பெரிய வாடிக்கை. கரியமில வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், ஜப்பான் மண், உரப் பாட்டில்கள் என்று அவன் கேட்கக் கேட்க மேல் தட்டிலிருந்து சாமான் இறங்கியது. இலவசமாக அழுக்கு ஸ்பான்ஜ் கொடுத்த மனிதரா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வியாபாரம் தெரியாதவர் இல்லை. செல்போனில் அவன் காட்டிய தொட்டி உண்மையிலேயே அழகு. மலைச்சரிவும் புல்வெளியும் ஒற்றையடிப் பாதையுமாக இருந்தது.

இந்தப் பாணிக்குத் தகப்பன் ஜப்பானின் நீகாதாவைச் சேர்ந்த தகாஷி அமானோ. சைக்கிள் பந்தய வீரராக இருந்து, காட்டைப் படமெடுக்கப் போய், தொட்டிக்குள் காட்டைக் கொண்டுவந்தவர். 2015இல், இறப்பதற்குச் சில மாதம் முன்பு, லிஸ்பன் மீன் காட்சியகத்தில் 40 மீட்டர் நீளத் தொட்டி ஒன்றை அமைத்துவிட்டுப் போனார். அவர் தன் கலைக்கு வைத்த பெயரில் இயற்கை என்ற சொல் உண்டு. அந்த இயற்கையைக் காப்பாற்றத் தினமும் கத்தரிக்கோல் வேண்டும். எனக்கு அது பொறுக்காது. ஆனால் பொறுப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

"எல்லாம் சூப்பர்ணா. காலைல லைட் போடறப்பதான் மீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது."

"ராத்திரி கேஸ மூடறியா?"

அவன் விழித்தான்.

செடி பகலில்தான் பிராணவாயு தருகிறது. விளக்கணைந்ததும் அதுவும் மீனைப்போலவே பிராணவாயுவை வாங்கிக் கரியமில வாயுவை விடுகிறது. விடியற்காலையில் தொட்டி நீரில் பிராணவாயு மிகக் குறைவு, கரியமில வாயு மிக அதிகம். அந்த நேரத்தில் சிலிண்டரும் திறந்தே இருந்தால் மீன் என்ன செய்யும்? வெயில் காலத்தில் இன்னும் நெருக்கடி. 25 டிகிரி நீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைத் தாங்கும். 32 டிகிரிக்கு வந்தால் 7.3 அளவுதான். "விளக்குக்கு ஒரு மணி நேரம் முன்னாடி தொற, அணையறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி மூடு. ராத்திரி ஏர் மோட்டார் ஓடட்டும். விளக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல வேணாம், பாசி பிடிச்சுடும்" என்றார் கடைக்காரர். டைமர் இரண்டைப் பில்லில் சேர்த்தார்.

அவன் பணம் எண்ணிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது.

அதுவரை காதில் விழாமலே இருந்த ஒரு சத்தம் நின்றுபோனதால்தான் அது தெரிந்தது. சுவர் முழுக்க அடுக்கியிருந்த தொட்டிகளில் குமிழிகள் ஒவ்வொன்றாக மேலேறி உடைந்து, பிறகு எதுவுமே ஏறவில்லை. கடைக்காரர் பேச்சைப் பாதியில் விட்டார். பேட்டரி மோட்டார்களை நெரிசலான தொட்டிகளுக்கு மாட்டினார். அவை போதவில்லை. அக்கா ஒரு மக்கும் அவர் ஒரு மக்குமாக எடுத்துக்கொண்டு, தொட்டி தொட்டியாகப் போய், நீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து அதே தொட்டியில் ஊற்றினார்கள். மொண்டு ஊற்று, மொண்டு ஊற்று, அடுத்தது. பிராணவாயு இல்லாவிட்டால் மீன் மட்டுமல்ல, ஃபில்டருக்குள் இருக்கும் அந்தப் பாக்டீரியாக்களும் மூச்சுத் திணறும். மூடிய ஃபில்டர் பல மணி நேரம் நின்றுவிட்டால், கரண்ட் வந்ததும் அப்படியே ஓட விடக் கூடாது. உள்ளே கெட்டுப்போன நீரை வெளியே கொட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும்.

கடையிலேயே ஒரு தொட்டிப் பக்கம் மட்டும் இருவரும் போகவில்லை. ஷட்டர் ஓரமாக, தெரு வெளிச்சம் விழும் இடத்தில் இருந்தது அது. விற்பனைக்கு அல்ல, ஒட்டிய காகிதத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. அடியில் சாதாரணத் தோட்ட மண், மேலே மணல், அதற்கு மேல் தள்ள இடமில்லாமல் செடி; அந்த அடர்த்திக்குள் பத்துப் பதினைந்து கப்பிகள். காலையிலிருந்து அவர் அதற்குச் செய்த சேவகம், மேலே வந்த இரண்டு பழுத்த இலைகளை எடுத்துப் போட்டது மட்டும்தான். டயானா வால்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1999இல் எழுதிய புத்தகத்தில் இந்த முறையை விரித்துச் சொல்லியிருக்கிறார். நீர்ச்செடிகள் பலவும் நைட்ரேட்டைவிட அம்மோனியத்தையே முதலில் தேடித் தின்கின்றன. ஆகவே போதுமான செடி இருந்தால் செடியே ஃபில்டர். கடைக்காரர் அந்தப் புத்தகத்தைப் படித்தாரா, கரண்ட் இல்லாத நாட்களில் தானே கற்றுக்கொண்டாரா, எனக்குத் தெரியாது.

இருபது நிமிடத்தில் கரண்ட் வந்தது. குமிழிகள் மறுபடி ஏறின. பைக் இளைஞன் சிலிண்டரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அக்கா மக்கைக் கவிழ்த்து வைத்துவிட்டு மணைக்குத் திரும்பினார். டி.டி.எஸ். பெரியவர் இன்னும் போகவில்லை. வேலம்பாசிக் கட்டு எது நல்லது என்று டப்பின் பக்கத்தில் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

"உங்க வீட்ல டேங்க் இருக்காம்மா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"டேங்க் எல்லாம் யாரு சார் வாங்கறது? மாடில பழைய சிமெண்டு தொட்டி ஒண்ணு இருக்கு. இங்க தள்ளுற செடிதான் அதுல போட்டு வெச்சுருக்கேன். கார்ப்பரேஷன்காரங்க கொசுன்னு வந்து சத்தம் போட்டாங்கன்னு நாலு கப்பி விட்டேன். இப்ப எண்ண முடியல."

"ஃபில்டர்?"

"இல்ல."

"மருந்து, கிருந்து?"

"எதுக்கு?"

பெரியவர் மீட்டரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "தண்ணி டி.டி.எஸ். எவ்ளோ இருக்கும்னு நினைக்கறீங்க?"

"அதெல்லாம் தெரியாது சார். வாரத்துக்கு ரெண்டு தடவ நாலு பக்கெட் மொண்டு கறிவேப்பிலைச் செடிக்கு ஊத்திடுவேன், நாலு பக்கெட் புதுசு விடுவேன். எங்க தெருவுக்கே அந்தக் கறிவேப்பிலைதான்."

அவர் கரண்ட் பில்லைப் பிரித்து, எழுதியதற்குக் கீழே இடம் தேடி, கறிவேப்பிலை என்று குறித்துக்கொண்டார். பிறகு இரண்டு கட்டு வேலம்பாசிக்குப் பேரம் பேச ஆரம்பித்தார்.